மேம்பாலத்தில் சோர்ந்த கார்

1

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் குப்புறப் படுத்திருந்தபோது கிடைத்தது. என் கழுத்து வலிக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட், முழங்கையால் என் தோளை அழுத்திக்கொண்டே சொன்ன கதை இது. குறுக்குக் கேள்வி கேட்கும் நிலையில் நான் இல்லை. அதனால் தகவல் போதாத இடங்களில் என் கைச்சரக்கைச் சேர்த்திருக்கிறேன்.

(நேரில் அவரை 'மேடம்' என்பேன். கதைக்குள் 'அவள்' ஆக்கிவிட்டேன். படித்தாரானால் என் கழுத்துக்கு நான் பொறுப்பல்ல.)

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

'சிவப்பு நிறக் கார் ஒன்று சீறிப் பாய்ந்து—'

வேண்டாம், சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது. கார் சாம்பல் நிறம் வேறு.

'டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து அதன் பலத்தை—'

இதுவும் வேண்டாம். கதை படிக்க வந்தவரை உட்கார வைத்துப் பாடம் நடத்துவது பாவம்.

மூன்றாவதுதான் நின்றது. ஒரு காலை, மேம்பாலத்து ஏற்றத்தில் லாரியை முந்தும்போது, அவளுடைய கார் திடீரென்று பலமிழந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னாலிருந்த எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. மிதியை எவ்வளவு அழுத்தியும் வேகம் ஏறவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கி, மயிரிழையில் விலகிப் போனது. பக்கத்து இருக்கையில் அவள் வீட்டுக்காரர்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளிலிருந்து ஆபீசுக்குத் தனியாக பஸ்ஸில் போனார். "வழியில ஒரு வேலை இருக்கு" என்றார். எட்டு மாதமாகவா ஒரு மனிதருக்கு வழியில் வேலை இருக்கும்? திட்டியிருந்தாலாவது தேவலை என்று அவளுக்கு இருந்தது.

3

இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்கே சந்தேகம். ஐம்பத்திரண்டு வயதுப் பெண், வாரமெல்லாம் ஊரார் எலும்போடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கார் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாளா? நிற்கிறாளே, நான் என்ன செய்ய? ஸ்பார்க் பிளக்கை அவளே மாற்றினாள். காற்றழுத்தம் பார்க்கும் சென்சாரையும் மாற்றினாள். டர்போவுக்குப் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் செய்தும் மாதத்துக்கு ஒருமுறையாவது கார் மேம்பாலத்தில் சோர்ந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கோளாறுகளைப் படிக்கும் துளையில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி செருகியிருந்தாள். எண்ணெயின் சூடு, டர்போவின் அழுத்தம் எல்லாவற்றையும் அது போனுக்குச் சொல்லும். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, சிக்னலுக்குச் சிக்னல் போனைப் பார்த்துக்கொள்வாள்.

மெக்கானிக்கிடம் போனால் மட்டும் கார் பரம சாது.

"நல்லா ஓட்டிப் பாத்துட்டேன் மேடம். ஒண்ணுமே இல்ல. சும்மா பறக்குது."

அவளுக்கு அழுகை வரும். வலிக்கிறது என்று வந்த எவரையும் அவள் 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பியதில்லை.

போன மாதம் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "இந்த மாசக் கடைசி சனிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலன்னா வித்துடறேங்க."

அவர் "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு அவளுக்குப் பொருள் தெரியவில்லை.

4

(ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். அவளும் மறைத்தாள்.)

மெக்கானிக் ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம், தெருமுனையிலேயே அந்தக் கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். தன் வேலையைச் சோதிக்கிறாள் என்று மெக்கானிக் மனம் சுணங்கக் கூடாது என்ற மரியாதை. திரும்பும்போது அதே முனையில் மாட்டிவிடுவாள்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை, பதற்றத்தில் மறந்துபோனாள்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "இது என்ன மேடம்?"

"அது... சும்மா. எண்ணெய்ச் சூடு பாக்க."

"எத்தன நாளா இருக்கு?"

"வண்டி வாங்கின நாள்லேர்ந்து."

"இங்க வரும்போது ஒருவாட்டிகூட நான் பாக்கலயே?"

அவள் கை தானாகக் கைப்பையைத் தொட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது.

கருவியோடு மேம்பாலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான்காவது சுற்றில் விளக்குகள் எரிந்து கார் சோர்ந்தது. கருவியைப் பிடுங்கிவிட்டு மதியம் வரை சுற்றினார்கள். முணுமுணுப்பு இல்லாமல் ஏறியது.

"இது ஓயாம கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கு மேடம். அந்த இரைச்சல்ல கியர்பாக்ஸ் சொல்றது இன்ஜினுக்கு எட்டல. அது பயந்துபோய் பவரைக் கொறச்சிக்குது. வண்டிமேல ஒரு குத்தமும் இல்ல."

மெக்கானிக் அவள் வயிற்றில் பாலை வார்த்தார். ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள்.

(நானும் வரிக்கு வரி நிறுத்தி 'நன்றாகப் போகிறாயா' என்று இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இனி கேட்க மாட்டேன். இதுதான் கடைசி அடைப்புக்குறி.)

5

'ஒரு சென்சார் போயிருந்துச்சு, மாத்தியாச்சு என்று அவள் வீட்டுக்காரரிடம் சொல்லி—'

இப்படியும் எழுதிப் பார்த்தேன். அவளைக் காப்பாற்றும் ஆசைதான். அடித்துவிட்டேன்.

அவர் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "காரணம் தெரிஞ்சிடுச்சுங்க" என்றாள். "நான்தான்." கைப்பை உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க உயிரோட வெளயாடிட்டேன்."

பாதி மடித்த சட்டையோடு அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப விக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்பாடா!" என்றார். "நீ விக்கறேன்னு சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. எனக்காக வித்துட்டு ஞாயித்துக்கெழம நீ என்ன பண்ணுவ?"

திங்கட்கிழமை காலை அவள் காரை வெளியே எடுக்கிறாள். அவர் வாசலில் நிற்கிறார்.

ஒரு முடிவில் அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட் போடுகிறார். இன்னொன்றில், "எனக்கு இன்னும் பயமா இருக்கு, ஒரு வாரம் போகட்டும்" என்கிறார். பயம் என்ற சொல்லை அவர் வாயால் அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. "சரிங்க" என்கிறாள். அதிலும் அவளுக்கு நிம்மதிதான்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். உங்கள் விருப்பம். அவர் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார் மேம்பாலம் ஏறிவிடும். அதற்கு மட்டும் நான் பொறுப்பு.