மங்களம் பாடாத நாடகம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருசம், ஈஸ்டர் முடிந்த மறுநாள் பிற்பகல் மூன்றேகால் மணிக்கு அச்சங்குளத்தில் உலகம் முடிந்தது. விருதுநகரில் முடியவில்லை, அங்கே மிளகாய் வத்தல் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அச்சங்குளத்திலும் மாதா கோவிலுக்குத் தெற்கே நாடகம் போட்ட பொட்டல் அளவுக்குத்தான் முடிந்தது. காரணம் ஜேசுதாசன் வாத்தியார். நாலு புத்தகம் கூடுதலாகப் படித்தவன் எழுதும் நாடகத்தில் யாராவது சாகாமல் இருக்க மாட்டார்கள். இவர் ஒரேயடியாக உலகத்தையே சாகடித்து எழுதிவிட்டார். பக்கத்தில் தனுஷ்கோடி முதலாளியின் வெடி கம்பெனி இருந்ததால் பெட்ரோமாக்ஸ் கூடாது என்று பகலிலேயே நடத்தினார்கள். எக்காளம் ஊதினார்கள், கறுப்புக் காகிதம் ஒட்டிய சூரியனைக் கயிற்றில் இறக்கினார்கள், பொட்டல் மட்டும் நிஜமாகவே இருண்டது, பூமியில் மிஞ்சிய கடைசி மனிதனாக வந்த பொன்ராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து விழுந்தான். எந்த நாடகமானாலும் இதற்குப் பிறகு மங்களம் பாடுவார்கள், செத்தவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். வாத்தியார் பாட விடவில்லை. "உலகமே முடிஞ்சு போச்சு. மங்களம் பாட யாருவே மிச்சம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். மங்களம் பாடாததால் நாடகம் முடியவில்லை. நாடகம் முடியாததால் பொட்டலின் மேல் இறங்கிய இருட்டும் விலகவில்லை, பொன்ராஜும் எழவில்லை.

நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கடப்பாரை வளைந்தது. "ஏட்டி, கொஞ்சம் காப்பித்தண்ணி கொண்டா" என்றது பிணம். மாதா கோவில் சாமியார் வந்து பார்த்து, காப்பி கேட்கிறவனை அடக்கம் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அன்றிலிருந்து அவன் மனைவி ஆரோக்கியம் மூன்று வேளையும் சோற்றுச் சட்டியோடு வெயிலில் நடந்து வந்து, இருட்டு தொடங்கும் கோட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்று, பிறகு தட்டித் தடவி உள்ளே போய் அவனுக்கு ஊட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: புருசன் எழுந்து நடந்து வீட்டுக்கு வர வேண்டும்.

தனுஷ்கோடிக்கு வேறு வேண்டியிருந்தது. காலை ரயிலில் வந்து இறங்கும் வடக்கத்தி வியாபாரிகள் சரக்கு கொளுத்திப் பார்க்கப் பொழுது சாயும் வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது பொட்டல் இருட்டில் பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கே பூச்சட்டியும் ராக்கெட்டும் விட்டுக் காட்டி, மூன்று மணிக்குள் ஆர்டரோடு வண்டி ஏற்றிவிடலாம். பெட்ரோமாக்ஸே கூடாது என்ற பொட்டலைச் சுற்றி வேலி போட்டார், பெஞ்சு போட்டார். சும்மா கிடக்கிற கை எதற்கு என்று பொன்ராஜுக்கு வெடிக்குக் காகிதக் குழல் உருட்டும் வேலையும் கொடுத்தார். ஆரோக்கியம் வாத்தியாரிடம் போய்க் கேட்டால், சோகம் என்றால் சோகமாகத்தான் முடிய வேண்டும் என்பார். முதலாளியிடம் போய்க் கேட்டால், "இந்த சீசன் முடியட்டும்மா" என்பார். தீபாவளி சீசன் முடிந்தால் கல்யாண சீசன், அது முடிந்தால் கோவில் கொடை சீசன்.

அறுபத்திரண்டு பிப்ரவரியில் எட்டுக் கிரகம் ஒன்று கூடுகிறது, உலகம் அழியப்போகிறது என்று தேசமே யாகம் வளர்த்தது. அச்சங்குளத்துக்காரர்கள், "எங்களுக்குத்தான் முன்னாடியே முடிஞ்சிட்டுல்லா" என்று வத்தல் காயப்போட்டார்கள். உலகம் அழியாததில் வாத்தியார் அளவுக்கு யாரும் வருத்தப்படவில்லை. அதற்கடுத்த நாள் ஆரோக்கியம் சட்டியோடு அவர் வாசலில் வந்து நின்றாள்.

"என்னம்மா?"

"மங்களம் பாட யாரு மிச்சம்னு அன்னைக்குக் கேட்டீகளே."

"ஆமா, கேட்டேன்."

"நான் இருக்கேன். உங்க உலகம் முடிஞ்ச நாள்லருந்து அதுக்குள்ள போயி சோறு ஊட்டிக்கிட்டு வாரேன். உங்க கண்ணுக்குத்தான் தெரியல."

வாத்தியார் வாசலுக்கு இறங்கி வந்தார். படிப்பில்லாத அவளுக்கு நாலு வரி மங்களத்தையும் சொல்லிக் கொடுத்து, தப்பில்லாமல் திருப்பிச் சொல்கிற வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆரோக்கியத்துக்குப் பாட்டுக் குரலே கிடையாது. ஆனாலும் பொட்டலில் நின்று முதல் இரண்டு வரியைப் பாடியதும் பொன்ராஜ் இருமினான், எழுந்தான், வேட்டியைத் தட்டினான். கிழக்கு ஓரத்தில் இருட்டு வெளுக்கத் தொடங்கியது. தனுஷ்கோடி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "போதும்மா, போதும்! கல்கத்தா பார்ட்டி உள்ள உக்காந்திருக்கு! உன் ஆளுதான் எந்திரிச்சாச்சே!" அதுவும் சரிதான் என்று அவள் நிறுத்திக்கொண்டு, புருசனைக் கைப்பிடித்து வெயிலுக்குக் கூட்டிவந்தாள்.

பொன்ராஜ் வந்தான். அவன் நிழல் வரவில்லை. அது பொட்டலிலேயே, இருட்டைவிட ஒரு சாயம் கூடுதல் கறுப்பாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது. ராக்கெட் வெளிச்சத்தில் பார்க்கும் வியாபாரிகள் மிதிக்காமல் சுற்றிப் போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டபோது, "நிழலை வச்சு என்ன உலையா வைக்கப் போறேன்? ஆளு வந்தாச்சுல்லா" என்றாள் ஆரோக்கியம்.

மிச்சம் இரண்டு வரி அவளுக்கு மறக்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் தனுஷ்கோடிதான் முதலில் கும்பிடுகிறார். அவள் தொண்டையைச் செருமினால், "சீசன்ம்மா" என்று மெதுவாகச் சொல்வார். அவளும் "சரி, இருக்கட்டும்" என்று, நிழலில்லாத புருசனோடு கடைக்குப் போவாள்.