குண்டுக்கு ஊஞ்சல் சேவை

கிழிந்த கால்பந்துக்குள் சிமென்ட்டும் ஜல்லியும் ஊற்றி, நடுவில் கொக்கிக் கம்பி நட்டு, காய்ந்ததும் தோலை உரித்துக் குண்டை வெளியே எடுத்தபோது துலுக்காணத்துக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் யார் யாருக்கோ வீடு கட்டக் கலவை போட்டிருக்கிறான். படிப்புக்குக் கலவை போட்டது இதுதான் முதல் தடவை.

"இத்த இன்னாத்துக்குடி தொங்க வுட்றது?" என்று மகளைக் கேட்டான்.

"பெண்டுலம் நைனா" என்றாள் பிரியங்கா. பத்தாவது படிக்கிறாள், புத்தூரில், பெரிய கேட்டும் சின்ன மைதானமும் உள்ள தனியார் பள்ளியில். "மோவாகிட்ட புடிச்சிக்கினு வுட்டுடணும். அந்தாண்ட போயி ஆடிக்கினு திரும்பி வரும். ஆனா மூஞ்சில இடிக்காது."

"ஏன், உன் மூஞ்சியப் பாத்து பயந்துக்குமா?"

"எங்க வுட்டமோ அதுக்கு மேல அது வராது. வழியில காத்து வேற கொஞ்சம் வேகத்தத் துன்னுடும். அதனால துளி கம்மியாத்தான் வரும்."

"காத்து கூட துன்னுதா? அப்ப உங்க கரஸ்பாண்டெண்டு துன்றதுல தப்பே இல்ல."

கரஸ்பாண்டெண்ட் என்றால் வேங்கடாசலம். பள்ளி அவருடையது, பத்தாவது முடித்தவர்கள் சேருகிற, திருப்பதியில் இருக்கும் இன்டர் காலேஜும் அவருடையது. ஆண்டு விழாவில் ஆடாமல் அசையாமல் குண்டுக்கு முன்னால் நிற்கிற பிள்ளைக்கு அந்தக் காலேஜில் இலவச சீட் என்று சில நாள் கழித்து அறிவித்தார். முதலில் பிசிக்ஸ் வாத்தியார் கோபிகிருஷ்ணன்தான் நிற்பதாக இருந்தது. ஒத்திகையில் குண்டு திரும்பி வருவதைப் பார்த்த வாத்தியார், பாடத்தை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் தாவினார். அதன் பிறகுதான் ஏழைப் பிள்ளைகளின் முன்னேற்றம் பற்றி நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்தது; நிற்கப் பிரியங்காவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

விழா அன்று காலையில் துலுக்காணம் மகளிடம் சொல்லி அனுப்பினான்: "இடிச்சாலும் நவுராத. பல்லு போனா கட்டிக்கலாம். சீட்டு போனா யாரு கட்டுவா?"

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

கட்டி முடிக்காத ஹாலின் இரும்பு உத்தரத்திலிருந்து கம்பிக் கயிற்றில் குண்டைத் தொங்கவிட்டது அவன்தான். வேலை முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள். சுண்ணாம்புச் சட்டை போட்டோவில் விழுந்தால் நன்றாக இருக்காதாம். மேடையில் பலகை அடித்து, அதன்மேல் ஆள் உயரத்தைவிடப் பெரிதாக வேங்கடாசலத்தின் சிரித்த முகம் அச்சடித்த ஃப்ளெக்ஸ் ஒட்டியிருந்தது. நியூட்டன் படம் அதே ஃப்ளெக்ஸின் மூலையில், பாஸ்போர்ட் அளவில்.

குண்டுக்குப் பூஜை நடந்தது. குங்குமம் வைத்தார்கள், சாமந்தி மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். மாலை போட்டால் கணக்கு மாறுமே என்று கோபிகிருஷ்ணன் வாய்க்குள் முனகினார். வாய்க்குள் முனகுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வேங்கடாசலம் தேங்காய் உடைத்தார். அவர் கோயில் டிரஸ்டியும் கூட. வெள்ளிக்கிழமை ஊஞ்சல் சேவையில் பெருமாளின் ஊஞ்சலை முதலில் ஆட்டிவிடுகிற கை அவருடையது. ஊரில் எந்தக் கடையையும் எந்தத் தண்ணீர்க் குழாயையும் தொடங்கி வைக்கிற கையும் அதுதான்.

பிரியங்கா ஃப்ளெக்ஸில் தலையைச் சாய்த்து நின்றாள். குண்டை இழுத்து அவள் மோவாயில் ஒட்டி வைத்தார்கள்.

"கதலொத்தம்மா" என்று தெலுங்கில் சொன்னார் வேங்கடாசலம். அசையக் கூடாதாம். "அசைஞ்சா சீட் இல்ல."

"நான் வுட்டுடட்டுமா சார்?" என்று கை தூக்கினாள்.

"நீ எதுக்கும்மா? தொடங்கி வைக்க நான் இருக்கேன்ல."

போட்டோக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். வேங்கடாசலம் பார்த்தார், சிரித்தார், கண்ணை மூடி "கோவிந்தா" என்றார். பெருமாளை எப்படித் தள்ளுவாரோ அதே பக்தியோடு, இரண்டு கையாலும் குண்டைத் தள்ளிவிட்டார். கூட்டமும் "கோவிந்தா" போட்டது.

பின்னால் நின்ற துலுக்காணம் பலகையோரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். புளிய மரத்தில் கயிறு கட்டி ஆடிய எந்தக் குழந்தைக்கும் தெரியும், தள்ளினால் கூடுதலாகத்தான் போகும் என்று. கூடுதலாகப் போனது கூடுதலாகத்தானே திரும்பி வரும்? கோபிகிருஷ்ணனுக்கும் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். போட்டோ இன்னும் எடுத்துக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டார்.

பிரியங்காவுக்கும் தெரியும். அவள் கண் குண்டோடு போய், குண்டோடு திரும்பியது. கால் மட்டும் நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சீட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நவுருடி!" என்று கத்தினான் துலுக்காணம்.

பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் இருந்த இடத்துக்கு மாலையும் குங்குமமுமாக வந்த குண்டு, கரஸ்பாண்டெண்டின் அச்சடித்த மூக்கைப் பலகையோடு சேர்த்துப் பொத்தலாக்கிவிட்டு, வந்த வழியே திரும்பியது.

வேங்கடாசலம் மைக்கைப் பிடித்தார். "அம்மாயி, பாவம் சின்னப் பொண்ணு, பயந்துட்டா. பரவால்ல. சயின்சுக்கு முதல்ல நம்பிக்கை வேணும்."

"சார், நீங்க தள்னீங்க" என்றாள் பிரியங்கா, தரையில் உட்கார்ந்தபடியே. "தள்ளக் கூடாது சார். சும்மா வுட்டுடணும்."

வேங்கடாசலம் கோபப்படவில்லை, பெரிய மனிதர்.

"பெருமாளையே வாராவாரம் நான்தாம்மா தள்றேன். ஒரு நாளாச்சும் யாரையாச்சும் இடிச்சிருக்காரா?"

கைதட்டல் வானத்தைத் தொட்டது. அது ஓய்ந்ததும் கோபிகிருஷ்ணன் மைக்கை வாங்கி, மாணவி நகர்ந்துவிட்டபடியால் சோதனையின் முடிவு கிடைக்கவில்லை என்று அறிவித்தார். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அடுத்த வருஷ ஆண்டு விழாவில் இன்னொரு வாய்ப்பு உண்டு என்று வேங்கடாசலம் அருளினார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு டிபன் தயார் என்றதும் ஹால் காலியானது. குண்டு மட்டும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு கை வரவில்லை. எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கி, சாமிக்கு வழி விடுவது போல அதற்கு வழி விட்டுப் போனார்கள்.

"ஏம்பா துலுக்காணம், அத்தக் கழட்டி வெச்சிடு" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு இட்லியைப் பார்க்க நடந்தார் வாத்தியார்.

துலுக்காணம் குண்டைப் பிடித்து நிறுத்திவிட்டு, மேடையிலேயே இருந்த மகளைப் பார்த்தான். "போச்சா சீட்டு? நான்தான் கத்திக் கெடுத்தேன்."

"கத்தலன்னா பல்லு போயிருக்கும்."

"பல்லுதான் கட்டிக்கலாம்னு நானே சொன்னனே."

"நல்லா சொன்ன போ" என்று மாலையைக் கழற்றித் தரையில் போட்டாள். "கழட்டாத நைனா. ஒரே ஒரு தபா."

"இன்னாத்துக்குடி? பாக்க ஒரு நாய் கூட இல்ல."

"நான் பயந்துட்டேன்னு மைக்குல சொன்னாங்க இல்ல?"

பொத்தல் விழுந்த அந்த முகத்திலேயே தலையைச் சாய்த்தாள். குண்டைத் தானே இழுத்து மோவாயில் ஒட்டிக்கொண்டாள். தள்ளவில்லை, விரலை விரித்தாள், அவ்வளவுதான். குண்டு போனது. இந்தப் படிப்பு, இந்தப் பெண்டுலம், காற்றுத் தின்கிற கதை எல்லாவற்றையும் அத்தனை நாள் இளக்காரம் பண்ணிய துலுக்காணம், குண்டு திரும்பியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். இடிக்கிற சத்தத்துக்குக் காத்திருந்தான். வரவில்லை. திறந்தபோது குண்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மகளின் மோவாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பாத்தியா நைனா?"

"பாத்தன், பாத்தன்."

"பொய்யி. கண்ண மூடிக்கினு இருந்த. இப்பப் பாரு."

இந்த முறை பார்த்தான். மறந்துவிட்டுப்போன மைக்கை எடுக்க, கையில் இட்லித் தட்டோடு கோபிகிருஷ்ணனும் அதே நேரத்தில் மேடையோரமாக ஏறினார். குண்டு அவர் பக்கம் கூட வரவில்லை. அவள் முகத்தை நோக்கித்தான் வந்தது, மயிரிழையில் நின்றது, திரும்பியது. வாத்தியார் மட்டும் பின்னால் தாவினார். சாம்பார் முழுக்க வெள்ளைச் சட்டையில்.

துலுக்காணம் தோள் துண்டை எடுத்து நீட்டினான்.

"பயந்துக்காதீங்க சார். இந்த தபா யாரும் தள்ளல."