இவர் இப்போது இல்லை

டார்ச் சாருக்குத் தம்முடைய மரணச் செய்தி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்குக் கிடைத்தது. நிகழ்ச்சி நான்கு மணிக்கு. நிகழ்ச்சிக் கையேடுகள் அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. கலையரங்கத்தின் முன்கூடத்தில் மடக்கு மேசையைப் போட்டு, கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கருத்துப் படிவத்தைச் செருகிக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் புரவலர் பட்டியல். பட்டியலுக்குக் கீழே ஒரு கறுப்புக் கட்டம். கட்டத்துக்குள் 'மறைந்த புரவலர்' என்று தலைப்பு. தலைப்பின் கீழே ஒரே ஒரு பெயர். அது அவருடைய பெயர்.

அதே பெயரில் வேறொருவர் இருக்கலாம் என்று நினைக்கவும் வழியில்லை. தலைப்பெழுத்து இரண்டும் இருந்தன. அவர் எங்கும் விடாமல் எழுதும் 'வரைவாளர் (ஓய்வு)' என்பதும் இருந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் தன்னார்வலராக வந்த முதல் நாளில் அவர் தம் பெயரைச் சொல்லத்தான் செய்தார். சொல்லி முடிப்பதற்குள் யாரோ அவர் கையில் டார்ச் விளக்கைத் திணித்து, இருட்டில் தடுமாறிய ஒரு குடும்பத்தை ஏழாவது வரிசைக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது வருகைப் பதிவேட்டில் 'டார்ச்' என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுதியது எழுதியதுதான். அதன்பின் அங்கே அவருக்கு வேறு பெயர் வேண்டியிருக்கவில்லை.

வெளியில் மட்டும் என்ன வாழ்ந்தது? கல்யாணம் காட்சி என்று ஒன்றும் கூடிவராமல் அண்ணனோடு ஒரே வீட்டில் காலம் தள்ளியவர் அவர். அண்ணன் காலையில் பல் விளக்கும்போதே அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அதட்டுவார். ராத்திரி விளக்கணைக்கும்போதும் அதையே சொல்லி ஒரு குறை வைப்பார். அண்ணன் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வீட்டைக் காலி செய்துவிட்டு, நகரத்தின் மறுகோடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை என்று ஒண்டிக்கொண்டார். வங்கி அவரை 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்றது. மருந்தகத்தில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். பெயர் காகிதத்தில் இருந்தது. காதில் விழுந்து மூன்று ஆண்டுகள்.

அரங்கத்துக்கு ஆண்டுதோறும் வங்கி வழியாக நன்கொடை அனுப்பிவந்ததை அங்கே யாரிடமும் அவர் சொன்னதில்லை. கொடுத்துவிட்டு அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருப்பது நன்றிக்குக் கையேந்துவது போலத் தோன்றியது.

கையேடு ஒன்றை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனார். மேலாளர் ஒரு காதில் தொலைபேசியும் மறு கையில் நாற்காலி அட்டவணையுமாக இருந்தாள்.

"அம்மா, இந்தக் கடைசிப் பக்கம்..."

"ஐயோ சார், எழுத்துப்பிழைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே நாட்டியக் குழுத் தலைவி பேர்ல ஒரு கால் விட்டுப்போச்சுன்னு நம்ம அரங்கத் தலைவர் என் காலை உடைக்காத குறை."

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. கட்டத்துக்குள்ள இருக்கிறவரு..."

"அவரா? பாவம் சார்." தொலைபேசியை வைத்தாள். "வருஷம் தவறாம அனுப்புவாரு. ஒரு நாள்கூட வந்து எட்டிப் பாத்ததில்ல. இந்த வருஷம்தான் முதல் தடவையா நன்றிக் கடிதம் போட்டேன், திரும்பி வந்துடுச்சு. இருங்க."

இழுப்பறையிலிருந்து உறையை எடுத்து நீட்டினாள். அண்ணன் வீட்டு முகவரி. அதன் மேல் குறுக்கே, நீல மையில், அவருக்கு அறிமுகமில்லாத கையெழுத்தில் ஒரு வரி: இவர் இப்போது இல்லை.

புதிதாகக் குடிவந்தவர்கள் எழுதியிருக்க வேண்டும். 'இங்கே' என்று சேர்த்து எழுத நேரமில்லை போலும். ஒரு சொல் குறைந்ததில் ஓர் ஆள் குறைந்துபோயிருந்தார். முகவரி மாறியதைத் தெரிவிக்கலாமே என்று அவருக்கும் தோன்றியதில்லை. யார் எழுதப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா சார்?"

"தெரியும்."

"நெருக்கமா?"

கொஞ்சம் யோசித்தார். "அவ்வளவா இல்ல."

அடுத்த வாக்கியத்தை நாக்கு நுனிவரை கொண்டுவந்துவிட்டார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "இந்த வருஷம் ஒருத்தர்தான், நல்ல வேளை. ஆரம்பத்துல தலைவர் பேரைப் படிப்பாரு, எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம். நீங்க வழக்கம்போல பின்னாடியிருந்து ரெண்டு தடவ அடிச்சுடுங்க."

அது அந்த அரங்கத்துக்கே உரிய ஏற்பாடு. மேடை வெளிச்சத்தில் கைக்கடிகாரம் தெரியாமல், தலைவர் ஒருமுறை மௌன அஞ்சலியை நான்கு நிமிடம் ஓட்டிவிட்டார்; முன்வரிசையில் ஒருவர் நின்றபடியே தூங்கிப்போனார். அன்றிலிருந்து நேரம் பார்ப்பது டார்ச் சாரின் பொறுப்பு. பின்சுவரோரம் நின்று, அறுபது எண்ணியதும் மேடையை நோக்கி இரண்டுமுறை விளக்கை அடித்துக் காட்டினால் தலைவர் நன்றி சொல்வார், சபை உட்காரும்.

"பேரை மைக்லயா படிப்பாரு?"

"பின்ன, காதுலயா சொல்வாரு?"

நாக்கு நுனியில் நின்ற வாக்கியம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. சொன்னால் கட்டம் நீங்கும், மன்னிப்புக் கேட்பார்கள், இரண்டு நாள் சிரிப்பார்கள். பெயரை மட்டும் யாரும் படிக்கமாட்டார்கள்.

மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. அவரே தம் கையால் கையேடுகளைக் கொடுத்தார். வாங்கியவர்கள் விசிறிக்கொண்டார்கள், இருக்கை எண் கேட்டார்கள். மூன்றாவது வரிசை டீச்சர் மட்டும் எப்போதும்போல் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார். அவரும் புரவலர், முழங்கால் தேய்ந்தவர், அதனால் எப்போதும் நடைபாதையோர இருக்கை.

"போன தடவ நாலாவது பேரு, இப்ப ஏழாவது. இறங்கிக்கிட்டே வரேன் தம்பி. இன்னும் ரெண்டு படி இறங்கினா இந்தக் கட்டத்துக்குள்ள விழுந்துடுவேன் போல." சிரித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இது யாரு?"

"இங்க வந்து போனவர்தான் டீச்சர்."

"நான் பாத்ததே இல்லையே," என்றபடி டீச்சர் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

நான்கு மணிக்கு விளக்குகள் தணிந்தன. தலைவர் தொண்டையைக் கனைத்தார். காகிதத்தைத் தூரப் பிடித்து, தலைப்பெழுத்திலிருந்து தொடங்கி, நிறுத்தி நிறுத்தி, அந்தப் பெயரைப் படித்தார். அது எட்டு ஒலிபெருக்கிகளிலிருந்தும் வந்தது. பின்சுவரில் முதுகைச் சாய்த்திருந்த டார்ச் சார், "ம்" என்றார். அண்ணனுக்குச் சொல்லிப் பழகிய வாய். கேட்டதும் தானாகவே சொல்லிவிட்டது. யாருக்கும் கேட்கவில்லை.

முந்நூறு பேர் எழுந்தார்கள். மடக்கு இருக்கைகள் ஒவ்வொரு வரிசையாக மேலே அடித்துக்கொண்டன. பிறகு அமைதி.

அவர் எண்ணத் தொடங்கினார். பத்து வந்தது, இருபது வந்தது. முந்நூறு தலைகளும் குனிந்திருந்தன. அதில் ஒன்றாவது திரும்பும் என்று அவர் எதிர்பார்த்தாரா என்பது அவருக்கே தெளிவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தெரிந்த பிடரிகள். யாருக்கு எந்த இருக்கை பிடிக்கும், யார் இடைவேளைக்கு முன்பே எழுந்து போவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இந்த நிமிடத்தின் கயிறு தம் கையில் இருப்பது அப்போதுதான் உறைத்தது. விளக்கை அடிக்கும்வரை யாரும் உட்காரப்போவதில்லை. இரண்டு நிமிடம் நிறுத்தலாம், மூன்று நிறுத்தலாம். இவ்வளவு பேர் அவருக்காக நின்றதில்லை, இனி நிற்கப்போவதுமில்லை.

முப்பது. முப்பத்தொன்று.

மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு கை முன்னிருக்கையின் முதுகைப் பற்றியது. டீச்சரின் இடது பக்கம் மெல்லச் சரிந்தது. அவர் எடையை வலக்காலுக்கு மாற்றினார், மறுபடி இடதுக்கு. பார்த்ததே இல்லாத ஒருவருக்காக அந்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

முப்பத்தெட்டாவது எண்ணில் டார்ச் உயர்ந்தது. ஒருமுறை. இன்னொருமுறை.

"நன்றி," என்றார் தலைவர். சபை உட்கார்ந்தது. தாமதமாக வந்த தம்பதியை டார்ச் சார் பதினோராவது வரிசைக்கு அழைத்துப் போனார்.

ஐந்தே முக்காலுக்கு எல்லாம் முடிந்து, மிஞ்சிய கையேடுகளை அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்தபோது மேலாளர் பூங்கொத்துகளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சார், இன்னைக்கு நிமிஷம் இளைச்சுப்போச்சாமே? லைட்டுக்காரர் சொல்லிச் சிரிக்கிறாரு."

"டீச்சருக்கு முட்டி தாங்கல."

"நல்லதாப் போச்சு விடுங்க. அவரென்ன வந்து கோவிச்சுக்கவா போறாரு?"

"மாட்டாரு."

வருகைப் பதிவேடு மேசை ஓரத்தில் விரிந்து கிடந்தது. அன்றைய தேதிக்கு எதிரே அவள் கையெழுத்தில் 'டார்ச்' என்று இருந்தது. பக்கத்தில் வெளியேறும் நேரத்துக்கும் கையொப்பத்துக்கும் கட்டங்கள். எட்டு ஆண்டுகளாக அங்கே ஒரு சுழி மட்டும் போட்டுவந்தார். இன்று பேனாவைத் திறந்து, தலைப்பெழுத்து இரண்டையும் பெயரையும், வேலையில் இருந்தபோது வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதியதுபோல, எழுத்து எழுத்தாக எழுதினார். கட்டத்துக்குள் அடங்காமல் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டியது.

"போட்டாச்சா சார்?"

"போட்டாச்சு."

பூவின் ஈரம் கையில் இருக்க, அவள் புறங்கையால் பதிவேட்டை மூடினாள்; அலமாரியில் செருகிச் சாவியைத் திருப்பினாள். சாவி சுற்றி நிற்கும்வரை அவரும் நின்றார்.

"சனிக்கிழமை குழந்தைங்க நாடகம். வந்துடுவீங்கல்ல?"

"இருந்தா வரேன்."

"இல்லாம எங்க போயிடப்போறீங்க!" என்று சிரித்தாள்.

வெளியே வெயில் மிச்சமிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் யாருமில்லை. சட்டைப்பையில் பயணச்சீட்டுக்குச் சில்லறை தேடியபோதுதான் கையில் டார்ச் இருப்பதைக் கவனித்தார். அலமாரிக்குள் வைத்துவிட்டு வரவேண்டிய பொருள். திரும்பிப் பார்த்தார், அலுவலகச் சன்னலில் விளக்கு அணைந்திருந்தது. விசையை அழுத்தினார். எரிகிறதா என்று வெயிலில் தெரியவில்லை. உள்ளங்கையை முன்னால் வைத்துப் பார்த்தார். தோல் லேசாகச் சிவந்தது.

அணைத்து, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். அரங்கத்துச் சொத்து. சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.