அத்தா வாங்காத அனுமதி

கீபோர்டில் ஃ எந்தச் சாவியில் இருக்கிறது என்று தேடப் போனதுதான் வினை. கம்ப்யூட்டரில் நாங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவோடு வந்த குறிப்பைத் திறந்தேன். அச்சில் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும், வாங்காவிட்டால் திருட்டு என்று பச்சையாக எழுதி, சென்னை போன் நம்பரும் போட்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

அது 2001. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் அச்சகத்தைத் தொடங்கியவர் என் மாமனார் பக்ருதீன். எழுத்துருவை மதுரையில் யாரிடமோ காசில்லாமல் நகலெடுத்து பிளாப்பியில் கொண்டுவந்தவரும் அவரே. ஊரில் பாதிக் கல்யாணப் பத்திரிகை அதில்தான் அடித்தோம். அவர் மவுத்தாகி, அடக்கம் செய்து சில வாரங்கள் ஆகியிருந்தன. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதும்போது இலவசமாகக் கொடுக்க, பிரார்த்தனைகள் அடங்கிய துஆ புத்தகம் ஒன்றை அதே எழுத்தில் கம்போஸ் செய்து முடித்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் நூர் முகமதுவுக்கு முகம் செத்துப்போனது. மவுத்தானவர் கடனோடு போகக்கூடாது என்பதால், பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மகன் என்ற முறையில் வழக்கப்படி எழுந்து நின்று, அத்தா யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள் என்று சொன்னவர் அவர். யாரும் வரவில்லை. நிம்மதியாக இருந்தார். இப்போது சென்னையில் ஒருவர், தனக்கு வர வேண்டியது இருப்பதே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஆள் திண்டுக்கல்லுக்கு வந்து கல்யாணப் பத்திரிகை வாசிக்கவா போகிறார் என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியாது. அத்தாவுக்குத் தெரியும்ல," என்றார்.

போன் போட்டார். ரிசீவரில் நானும் காதை ஒட்டிக்கொண்டேன். எழுத்தை வரைந்த பிராங்கிளின்தான் எடுத்தார். இவர் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேனே, ஏன் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்டார்.

"அத்தாவால இனி கேக்க முடியாதுங்க. நான் கேக்குறேன். மன்னிச்சேன்னு வாயால சொல்லிருங்க."

"உங்க அத்தாவ மன்னிச்சுட்டேன்," என்றார் பிராங்கிளின். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே மூச்சில் புத்தகத்துக்கும் அனுமதி கேட்டார்.

"அது முடியாது. உயிரோட இருக்குற நீங்க வாங்கித்தான் போடணும்."

பணம் அனுப்பி சிடி வந்து சேர்வதற்குள் நாற்பது தாண்டிவிடும். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று குறிப்பில் தெளிவாகப் போட்டிருந்த இலவச எழுத்துரு ஒன்று கிடைத்தது. அப்போதெல்லாம் ஒரு தமிழ் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றுக்கு மாற்றினால் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து அடித்தேன். மாமனார்மேல் அப்படி ஒரு கோபம். மவுத்தானவரைத் திட்டக்கூடாது என்பதால் கீபோர்டைத் திட்டினேன்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அன்று பள்ளிவாசலில் கேட்டபோது பெண்கள் யாரும் அங்கே இல்லையே என்று மெல்ல ஆரம்பித்தார்.

"கல்யாணமாகி வந்ததுலருந்து அத்தா உன்ட்டயும் கேக்காமத்தான் வேலை வாங்குனாரு. நீயும் மன்னிச்சேன்னு சொல்லிரு, சைதூன்."

இந்த வீட்டில் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை.

"மாமாவ மன்னிச்சுட்டேன்," என்றேன். "உங்களத்தான் யோசிச்சுச் சொல்லணும்."