இரண்டு டிகிரி

"வெட்ட வேண்டிய மரம் எதுன்னு காட்டுங்க ஐயா" என்று கேட்டார் வானிலை அலுவலகத்து அதிகாரியம்மா. கூடவே ரம்பத்தோடு ஒரு ஆள் வந்திருந்தான். என் கொல்லையில் மரமென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கிளையெல்லாம் முறிந்து, ஆளுயரத்துக்கு ஒரு கட்டை நின்றது. அதன் மேல் என் துண்டைக் காயப்போட்டிருந்தேன்.

இருபத்தெட்டு வருஷமாக அவர்களுடைய வெள்ளைப் பெட்டி என் கொல்லையில் இருக்கிறது. உள்ளே வெப்பமானி. தினமும் மதியம் இரண்டரை மணிக்குக் கதவைத் திறந்து, பார்த்து, நோட்டில் எழுதுவது என் வேலை. நான் வாயைத் திறந்தால் புளுகு என்பது தெருவுக்கே தெரியும். என் மனைவி சொல்வாள்: "உங்க பேச்சுல கால்வாசிகூடத் தேறாது. அந்த நோட்டுல மட்டும்தான் நீங்க யோக்கியன்."

பெட்டிக்குப் பத்தடி தள்ளி அந்தத் தூங்குமூஞ்சி மரத்தை நட்டவள் அவள்தான். பக்கத்தில் மரம் கூடாது என்பது விதி. "அது பாட்டுக்கு ஓரமா நிக்கட்டும், யாரு வந்து பாக்கப்போறா?" என்றாள். பத்து வருஷத்தில் அது கொல்லையையே மூடிவிட்டது. ஊரெல்லாம் முப்பத்தெட்டு டிகிரி என்றால் என் பெட்டியில் முப்பத்தாறு. அந்த நிழலில் படுத்த பூனைக்குச் சளி பிடித்து மூன்று நாள் தும்மியது என்று சொல்லியிருக்கிறேன். பூனை பொய். இரண்டு டிகிரி பொய்யில்லை.

பிறகு சாலையை அகலமாக்கத் தெருமரங்களையெல்லாம் சாய்த்தார்கள். மேகம் எங்கள் பக்கம் வந்து விலாசம் விசாரித்துவிட்டுப் போய்விடும். கிணறு வற்றியது. என் மனைவி பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சுமந்துபோய் மரத்துக்கு ஊற்றினாள். "நாம குளிக்கலன்னா நாறுவோம், அவ்வளவுதான். இது செத்துரும்." மூன்று வருஷத்துக்கு முன் அவள் போனாள். நானும் ஊற்றிப் பார்த்தேன். போன கோடையில் ஒரே வாரத்தில் எல்லா இலையும் கொட்டியது. வெயில் மரத்தைக் கொன்றதா, மரங்கள் போனதால் வெயில் வந்ததா என்று கேட்டால் ஒன்று இன்னொன்றைக் கைகாட்டும்.

அதிகாரியம்மா நோட்டைப் புரட்டினார். "சுத்துவட்டாரம் பூரா நாப்பது டிகிரி. உங்களுது மட்டும் முப்பத்தெட்டு. மர நிழல் விழுதுன்னு நெனச்சுதான் வந்தோம்." கட்டையைப் பார்த்தார். "இது எப்பக் காஞ்சுது?"

"போன கோடையில."

"அப்ப இந்த ரெண்டு டிகிரிய யாரு குறைச்சா?"

"என் சம்சாரம்."

அவர் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க ஐயா. தப்பா எழுதியிருந்தா பெட்டிய எடுத்துட்டுப் போயிருவோம்."

"மரம் காஞ்சதுலேருந்து தெனமும் பாத்ததுல ரெண்டைக் கழிச்சேம்மா. அவ போனப்புறமும் அந்த ரெண்டு டிகிரி மட்டும் இங்கதான் இருந்துச்சு. இல்லைன்னு எழுதக் கை வரல."

அவர் பேனா மூடியைத் திருகித் திறந்தார். அப்புறம் ஒரு வருஷத்துப் பக்கங்களைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "மணி ரெண்டரை ஆச்சு. போய்ப் பாத்து எழுதுங்க."

பெட்டியைத் திறந்தேன். நாற்பத்தொன்று. அப்படியே எழுதினேன். அவள் சொன்ன யோக்கியன் ஆகிவிட்டேன்.

வெட்டுவதற்கு ஒன்றுமில்லாத ரம்பக்காரன் கட்டையின் நிழலில் குந்தியிருந்தான். கையகல நிழல். அது நகர நகர, அவனும் அதோடு நகர்ந்துகொண்டிருந்தான்.