அளவுக்கு நின்றவன்

காற்றில் அறைந்து சாத்திக்கொள்ளப் பார்த்த தேவாலயக் கதவை முதுகால் முட்டுக்கொடுத்து நின்றாள் தெஸ்பினா. நான்கு மீனவர்கள் பெட்டியை உள்ளே தூக்கி வந்தார்கள். படகு கட்டும் தச்சர் அவசரமாக அடித்துக் கொடுத்த பெட்டி. பலகையில் தார் வாடை போகவில்லை. உள்ளே அவளுடைய கொழுந்தன் கிட்சோஸ், யாரோ கொடுத்த கறுப்புக் கோட்டில் படுத்திருந்தான். நேற்று மதியம்வரை அத்திப்பழம் தின்றுகொண்டு திரிந்தவன்.

அவள் கணவன் லாம்ப்ரோஸ் பெட்டிக்குத் தோள் கொடுக்க வரவில்லை. சுவரோரம் திரும்பி நின்று கேமராவில் புதுச் சுருள் மாட்டிக்கொண்டிருந்தான். சுருளின் நுனி இரண்டு முறை நழுவியது. நான் பிடிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாமென்று தலையசைத்துவிட்டான். இருபது வருஷமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை அவனுக்கு அது.

வாழ்த்து அட்டைக்காரர்கள் கொடுத்த வேலை. தீவு தீவாகப் போய்ப் பழைய கோயில்களைப் படமெடுக்க வேண்டும். செலவு அவர்களுடையது என்றதும் லாம்ப்ரோஸ் மனைவியையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மலையூரில் இருந்த அம்மா வாசிலோவுக்குத்தான் மனசில்லை. கடலுக்கும் நமக்கும் என்னடா சம்பந்தம், கடைக்குட்டியை ஏன் இழுத்துக்கொண்டு போகிறாய் என்று வாசல்வரை வந்து புலம்பினாள். ஆனால் கிட்சோஸ் இல்லாமல் படம் ஆகாது. தூண் எத்தனை உயரம் என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். முகம் தெரிந்தால் இவன் யார் என்று கேட்பார்கள் என்பதால் முதுகைக் காட்டி நிற்கவேண்டும். நாற்பது வயதிலும் கல்யாணமாகாத கிட்சோஸ், "என் முதுகு ஐரோப்பா பூரா போகுது அண்ணி, ஒரு பொண்ணுகூட எழுதிப் போட மாட்டேங்குறா" என்று சிரிப்பான்.

நேற்று அப்படித்தான் மேட்டுக் கோயிலில் ஒரு தூணருகே நின்றான். திடீரென்று உட்கார்ந்தான். வெயில் தாங்காமல் உட்காருகிறான் என்று நினைத்து லாம்ப்ரோஸ் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே எழுந்து நில்லுடா என்று கத்தினான். தெஸ்பினா ஓடிப்போய்ப் பார்த்தபோது உதடு நீலமாகியிருந்தது. தீவுக்கு இருந்த ஒரே இளம் டாக்டர் மூச்சிரைக்க மேடேறி வந்து, வியர்வை சொட்டச் சொட்ட நெஞ்சை அழுத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோருக்குமே கை இருந்தது, செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் மாதத்து வடகாற்று. கப்பல் எதுவும் வரக்கூடாது, போகக்கூடாது என்று துறைமுகத்தில் தடை. எப்போது நீங்கும் என்று யாரைக் கேட்டாலும் வானத்தைப் பார்த்தார்கள். பிணத்தை வைக்கக் குளிரறை கிடையாது. அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி கல்லியோப்பிதான் தன் குடும்பக் கல்லறையை இரவல் கொடுத்தாள். வழக்கப்படி புருஷனின் எலும்புகளை இந்த வசந்தத்தில்தான் எடுத்துக் கழுவிப் பேழையில் வைத்திருந்தாளாம். "இடம் சும்மாதானே கிடக்கு. மூணு வருஷம் கழிச்சு எலும்பை எடுத்து உங்க ஊருக்குக் கொண்டுபோங்க" என்றாள். பெற்ற தாயே இப்படி எளிதாகச் சொல்லிவிட மாட்டாள்.

காப்பிக்கடைத் தொலைபேசியில் லாம்ப்ரோஸ் அம்மாவிடம் சொன்னபோது அந்தப் பக்கம் அழுகையே கேட்கவில்லை. கடைசியாக ஒன்றுதான் கேட்டாள். "மண்ணு போடுறதுக்கு முன்னாடி அவன் முகத்தை எனக்குப் படம் எடுத்துக் குடு. வேற எதுவும் வேண்டாம். உனக்குத் தெரிஞ்ச தொழில்தானே." அவர்கள் ஊரில் அது வழக்கம்தான். சாவுக்கு வரமுடியாமல் ஜெர்மனியில் கிடப்பவர்களுக்குப் பெட்டியைச் சுற்றி உறவுகள் நிற்கிற படம் தபாலில் போகும்.

பாதிரியார் பாடி முடித்து, கடைசி முத்தத்துக்கு எல்லோரையும் அழைத்தார். மீனவர்கள், தச்சர், டாக்டர், முன்பின் தெரியாத கிழவர்கள், ஒவ்வொருவராகக் குனிந்து கிட்சோஸின் நெற்றியில் முத்தமிட்டார்கள். லாம்ப்ரோஸ் பெட்டியின் தலைமாட்டில், கால்மாட்டில், பெஞ்சின் மேல் என்று மாறிமாறி நின்று கேமராப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தான். தெஸ்பினா முத்தமிட்டுவிட்டுக் கணவன் கையைப் பிடித்து இழுத்தாள். இரு, இன்னும் ஒன்று என்றான். பாதிரியார் அவனைப் பார்த்தார். நீங்கள் நடத்துங்கள் என்று கையை ஆட்டினான். அவளுக்கு எரிச்சல் பொங்கியது. கூடப் பிறந்தவனுக்கு ஊரான் முத்தம் கொடுக்கிறான், இவன் வெளிச்சம் பார்க்கிறான். ஆனால் அந்தக் கேமராவை இறக்கினால் அவன் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவான் என்றும் அவளுக்குத் தெரிந்தது. கையை விட்டுவிட்டாள்.

மூடி விழுந்தது. மேட்டுக் கல்லறையில் காற்று மண்ணைக்கூட நேராக விழவிடவில்லை. மண்மேட்டையும் கல்லியோப்பி வைத்த துளசிக் கொத்தையும்கூட அவன் படமெடுத்தான்.

எடுத்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நின்றான். கேமராவின் மேலிருந்த எண்ணைப் பார்த்தான். சுருள் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். சுருளை நகர்த்தும் நெம்புகோல் தடையில்லாமல் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் முகம் வெளிறுவதைத் தெஸ்பினா பார்த்தாள். நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணங்களில் சொந்தக் கேமராவோடு வரும் மாப்பிள்ளைத் தோழர்களை இதே தவறுக்காக எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறான். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை. அறைக்குத் திரும்பியதும் வெளிச்சம் படாமல் போர்வைக்குள் வைத்துக் கேமராவைத் திறந்தான். விரலால் தடவிப் பார்த்தான். சுருளின் நுனி அதை இழுக்கும் சக்கரத்தின் பல்லில் மாட்டவே இல்லை. ஒரு படம்கூட விழவில்லை.

"தோண்டச் சொல்லட்டுமா?" என்றான் போர்வைக்குள்ளிருந்து.

"பைத்தியமா உனக்கு" என்றாள் தெஸ்பினா. பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கும் அழுகை வந்தது.

காப்பிக்கடையில் எல்லோருக்கும் ஊற்றிய சாவுக் காப்பி ஆறிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் வந்து, மலையூரிலிருந்து அழைப்பு என்றார். லாம்ப்ரோஸ் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அம்மா என்றான். படம் நல்லா விழுந்ததா என்று அந்தப் பக்கம் கேட்பது தெஸ்பினாவுக்கே கேட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இன்றைக்குத் தப்பித்துக்கொள்ளலாம். அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். அவள் ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, நான்தான். படம் விழலை. சுருள் மாட்டலை. ஒண்ணுகூட இல்லை."

கடையில் இருந்தவர்கள் சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார்கள்.

"அந்தக் கல்லுங்க பக்கத்துல எல்லாம் நிக்க வெச்சு எடுத்தானே," என்றாள் வாசிலோ மெதுவாக. "அதுல இருப்பானே?"

"இருக்கான் அத்தை. முதுகுதான் தெரியும்."

கம்பியில் இரைச்சல். கிழவி ரிசீவரை வைத்துவிட்டாளோ என்று தெஸ்பினா பயந்தாள்.

"நீ பாத்தியா அவனை?"

"பாத்தேன்."

"பக்கத்துல இருந்து பாத்தியா?"

"முத்தம் கொடுத்தேன் அத்தை."

"அப்போ சொல்லு."

தெஸ்பினா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். தலை வாரியிருந்தது, ஆனால் வழக்கம்போல உச்சியில் ஒரு கொத்து நின்றுகொண்டிருந்தது என்றாள். முகம் வெயிலில் கறுத்து, நெற்றியில் தொப்பி மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது என்றாள். வாய் முழுக்க மூடவில்லை, ஏதோ கேலி சொல்ல வந்தவன் மாதிரி என்றாள். ம் என்றது அந்தப் பக்கம். இன்னும், என்றது.

லாம்ப்ரோஸ் காலிச் சோடாப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"நேத்துக் காலையில அவசரமா ஷேவ் பண்ணான் அத்தை. இடது கன்னத்துல, காதுக்குக் கொஞ்சம் கீழே, சின்னதா ஒரு வெட்டு. காய்ஞ்சு கறுப்பா இருந்துச்சு."

லாம்ப்ரோஸ் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு கையை எடுத்துத் தன் இடது கன்னத்தில், காதுக்குக் கீழே, மெல்லத் தடவிப் பார்த்தான்.