நடுவில் நிற்கும் பிள்ளை

"வாண்டு, இது என்ன காகிதம்னு உங்க அத்தைகிட்ட கேளு."

அண்ணி அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றாள். அவளுடைய நாத்தனார், வாண்டுவின் அத்தை, என்னவோ எட்டடி தூரத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, இது என்ன காகிதம்னு அம்மா கேக்குறாங்க."

"ஆபீஸ்ல எங்க எல்லாரோட மனசையும் பரிசோதிச்சாங்க. வேலைய இன்னும் நல்லா செய்யறதுக்குன்னு சொல்லு."

"பைத்தியம் தெளிய வைக்கிறவங்களுக்கே பைத்தியமான்னு பாத்தாங்களாக்கும். புருஷன் வீட்ல தங்கத் துப்பில்லாதவளுக்கு எந்தப் பரீட்சை வச்சு என்னன்னு கேளு."

ஆறு வயது வாண்டு நகத்தைக் கடித்துக்கொண்டே அதையும் அட்சரம் பிசகாமல் கேட்டது.

கணவனிடம் அடிபட்டு அத்தை இந்த அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. "சோறு உண்டு, பேச்சு கிடையாது. திரும்பிப் போனா பேசலாம்" என்று வந்த அன்றே அண்ணன் சொல்லிவிட்டான். குழந்தைக்குப் பேச்சு தெளிந்ததும் அதுவே தபால்காரர் ஆயிற்று. செய்தியைத் தவிர ஒரு வார்த்தை கூடப் பேசக் கூடாதென்று அதற்கும் உத்தரவு. ஏச்சோ பேச்சோ, அந்தக் குரலுக்காக அவள் தினமும் காத்திருந்தாள். வெளியே சொல்ல வெட்கம்.

குழந்தைகள் காப்பகத்தில் அவள் ஆலோசகர். தாளில் அவளைப் பற்றி எழுதியிருந்தது இதுதான்: 'குழந்தை மௌனமாக இருந்தால் இவரால் பொறுக்க முடிவதில்லை. விடையைத் தாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.'

"குத்தம் சொல்றதுக்கு இல்லம்மா," என்றார் பரிசோதித்த உளவியலாளர், தாளைக் கொடுத்தபோது. "மௌனம்னா உங்களுக்கு ஏன் இவ்வளவு பயம்?"

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காப்பகத்தில் அவள் எதிரே ஏழு வயதுச் சிறுமி. கையில் கன்றிய தழும்புகள். ஒன்பது நாளாக வாய் திறக்கவில்லை. இன்றும் பேசாவிட்டால் நாளைக்கு வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

'அப்பா அடிச்சாரா?' என்று கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றியது. சிறுமி செருப்பு வாரை இழுத்தாள், விட்டாள். நேரம் நகர மறுத்தது.

"அப்பா சொன்னத அம்மாகிட்ட போய்ச் சொன்னா அம்மா அடிப்பாங்க," என்றது சின்னக் குரல். "அம்மா சொன்னத அப்பாகிட்ட சொன்னா அப்பா. சொல்லலன்னா ரெண்டு பேரும்."

ஒரு சொல் கூட்டாமல் அப்படியே எழுதினாள். சிறுமியை வீட்டுக்கு அனுப்பவில்லை.

மாலையில் கைகால் கழுவி வந்தபோது வாண்டு முன்னால் நின்றது.

"அத்த, உங்கள சாப்பிடச் சொன்னாங்க."

அதன் விரல் நுனிகளில் நகமே இல்லை. இத்தனை நாள் இது கண்ணில் படாமல் போயிற்றே.

சமையலறைக்குப் போனாள்.

"அண்ணி, எங்கிட்ட சொல்ல வேண்டியத எங்கிட்டயே சொல்லுங்க. இல்லன்னா விட்டுடுங்க. இவள நடுவுல அனுப்பினா நான் இனிமே பதில் சொல்ல மாட்டேன்."

அண்ணி சுவரைப் பார்த்தாள். கூடத்தில் அண்ணன் செய்தித்தாளைத் தாழ்த்தி, மறுபடி உயர்த்திக்கொண்டான்.

"அப்போ நான் எதுவும் சொல்ல வேணாமா அத்த?"

"வேணாண்டா கண்ணு. போய் விளையாடு."

வாண்டு நம்பாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒரே ஓட்டமாகத் தெருவுக்கு ஓடியது.

அவள் தானே பரிமாறிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று முதல் அந்த வீட்டில் அவளைக் கூப்பிட ஒரு குரலும் இல்லை.